எந்தக் காப்பி உண்மையானது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்களிடம் கடைக்காரர் தவறாமல் சொல்லும் வசனம் ஒன்று உண்டு. "எல்லாம் கிளவுட்ல இருக்கும் சார், ஹார்ட் டிஸ்க் போனாலும் கவலையே இல்லை." இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் பாதி விஷயம்தான் இருக்கிறது.

உங்கள் பைல் கிளவுடில் இருக்கிறது என்றால் அது ஏதோ ஓர் இடத்தில் பத்திரமாகப் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள் அல்ல. உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு காப்பி, மொபைல் போனில் ஒரு காப்பி, அந்த நிறுவனத்தின் சர்வர்களில் ஒன்றுக்கு மேற்பட்ட காப்பிகள் என்று பல இடங்களில் இருக்கிறது. இவை அனைத்தும் எந்த நேரத்திலும் ஒன்று போலவே இருக்குமா? ஒன்று மாறி இன்னொன்று மாறாமல் நின்றால் எது உண்மையானது என்று யார் முடிவு செய்வது? இதைக் கடைக்காரரிடம் கேட்டுப் பயனில்லை. சாப்ட்வேர் எழுதுகிறவர்களிடம்தான் கேட்க வேண்டும். நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்பதால் என் கருத்தை முதலிலேயே சொல்லி விடுகிறேன்.

காப்பிகளுக்குள் முரண்பாடு வருவதை நான் குறை சொல்ல மாட்டேன். அது தவிர்க்க முடியாதது. ஆனால் முரண்பாடு வந்தது என்பதையே பயனாளரிடம் சொல்லாமல், ஒரு காப்பியைத் தூக்கிப் போட்டு விட்டு, மற்றதை மட்டும் எதுவும் நடக்காதது போல் காட்டும் சாப்ட்வேரில் உங்களுக்கு முக்கியமான எதையும் வைக்காதீர்கள். அது இலவசமாகக் கிடைத்தாலும் சரி, பெரிய பெயரோடு வந்தாலும் சரி.

ஏன் இத்தனை காப்பிகள்?

ஒரே காப்பி வைத்துக் கொண்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்று தோன்றும். ஆனால் ஹார்ட் டிஸ்க் பழுதாகும். சில நேரம் அது இருக்கும் கட்டடமே போய்விடும். 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று தீப்பிடித்து எரிந்தது. வேறு ஊரில் காப்பி வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். அந்தக் கட்டடத்துக்குள்ளேயே எல்லாவற்றையும் வைத்திருந்தவர்களுக்கு டேட்டா திரும்பி வரவில்லை. ஆகவே காப்பிகள் வேண்டும். அவை தள்ளித் தள்ளியும் இருக்க வேண்டும்.

தள்ளி வைத்தால் அடுத்த சிக்கல் தொடங்குகிறது. கண்ணாடி இழை கேபிளில் ஒளி செகண்டுக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் இடையே ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர். ஒரு செய்தி ஒரு பக்கம் போய்ச் சேரவே 20 மில்லி செகண்ட் வேண்டும். "கிடைத்தது" என்ற பதில் திரும்பி வர இன்னொரு 20. எந்த நிறுவனம் எவ்வளவு பணம் கொட்டினாலும் இதைக் குறைக்க முடியாது. மனிதருக்கு இது கண் சிமிட்டும் நேரத்தை விடக் குறைவு. செகண்டுக்கு ஆயிரக்கணக்கான மாற்றங்களை எழுதும் சர்வருக்கோ இது மிக நீண்ட காலம்.

இதை விட மோசமானது கேபிள் அறுந்து போவது. ஒவ்வொரு பக்கத்துக்கும் தான் உயிரோடு இருப்பது தெரியும். எதிர்ப்பக்கம் செத்துவிட்டதா அல்லது பேச மட்டும் முடியவில்லையா என்பது தெரியாது. அந்த நேரத்தில் நீங்கள் ஒரு மாற்றம் செய்தால் சர்வர் என்ன செய்யலாம்? "இப்போது முடியாது, பிறகு வாருங்கள்" என்று உங்களைத் திருப்பி அனுப்பலாம். அல்லது வாங்கி வைத்துக் கொண்டு பின்னர் மற்ற காப்பியோடு சமாதானம் செய்து கொள்ளலாம். மூன்றாவது வழி கிடையாது. பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் எரிக் புரூவர் 2000-ம் ஆண்டு ஒரு மாநாட்டில் இதை ஓர் ஊகமாக முன்வைத்தார். 2002-ல் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த சேத் கில்பர்ட்டும் நான்சி லிஞ்சும் கணித முறைப்படி நிரூபித்து விட்டார்கள்.

எங்கே எதைத் தேர்ந்தெடுப்பது என்பது விஷயத்தைப் பொறுத்தது. ரயில் டிக்கெட்டை எடுத்துக் கொள்ளுங்கள். இந்திய ரயில்வேயின் ரிசர்வேஷன் கம்ப்யூட்டர்கள் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என்று ஐந்து மையங்களில் இருந்தன. 1999 வாக்கில் கான்சர்ட் என்ற சாப்ட்வேர் மூலம் ஐந்தும் ஒன்றாக இணைக்கப்பட்டன. ஒரு ரயிலின் இருக்கைக் கணக்கு இவற்றில் ஏதேனும் ஒரு மையத்தின் பொறுப்பு. எந்த ஊர் கவுண்டரில் கேட்டாலும் கேள்வி அந்த மையத்துக்குப் போய்த்தான் பதில் வரும். லைன் கிடைக்கவில்லை என்றால் டிக்கெட் இல்லை. கோபம் வரும்தான். ஆனால் ஒரே பெர்த்தை இரண்டு குடும்பங்களுக்குக் கொடுத்து, நள்ளிரவில் பிளாட்பாரத்தில் சண்டை போட விடுவதை விட இது மேல்.

அமேசான் தன் ஷாப்பிங் கார்ட்டுக்கு நேர் எதிரான முடிவை எடுத்தது. டைனமோ என்ற தங்கள் சேமிப்பு முறையைப் பற்றி 2007-ல் அந்த நிறுவனத்தின் என்ஜினியர்கள் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். கார்ட்டில் பொருளைப் போட வரும் வாடிக்கையாளரை ஒருபோதும் திருப்பி அனுப்பக் கூடாது என்பதுதான் அவர்களுக்கு முக்கியம். காப்பிகள் பிரிந்து போனால் இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கி விடுவார்கள். போட்ட பொருள் தொலையாது. ஆனால் நீங்கள் எடுத்து விட்ட பொருள் மீண்டும் முளைக்கலாம் என்று அந்தக் கட்டுரையிலேயே எழுதியிருக்கிறார்கள்.

இதையும் நான் சரி என்றே சொல்வேன். காரணம், பணம் கட்டுவதற்கு முன் கார்ட்டை ஒரு மனிதர் மறுபடி பார்க்கிறார். வேண்டாத சோப்பு டப்பா உள்ளே இருந்தால் அவர் எடுத்துப் போட்டு விடுவார். பெர்த் விஷயத்தில் அப்படி யாரும் மறுபடி பார்ப்பதில்லை. தவறு நடந்து முடிந்து, ரயிலும் கிளம்பிய பிறகுதான் தெரியும்.

43 செகண்ட்

பெரிய நிறுவனங்களில் ஆயிரம் என்ஜினியர்கள் இருக்கிறார்கள், அங்கெல்லாம் இப்படி நடக்காது என்று நினைப்பவர்களுக்காக கிட்ஹப் கதையைச் சொல்ல வேண்டும். உலகெங்கும் உள்ள புரோகிராமர்கள் தங்கள் புரோகிராம்களைச் சேமித்து வைக்கும் தளம் அது. என்னைப் போன்றவர்களுக்கு ஆபீஸ் மேசை மாதிரி.

2018 அக்டோபர் 21. நம் நேரப்படி மறுநாள் அதிகாலை 4.22. அமெரிக்கக் கிழக்குக் கரையில் பழுதாகிக் கொண்டிருந்த ஒரு நெட்வொர்க் சாதனத்தை மாற்றும் சாதாரண பராமரிப்பு வேலை நடந்தது. அதில் கிட்ஹப்பின் முக்கிய டேட்டா சென்டருக்கும் அந்தப் பகுதியின் நெட்வொர்க் மையத்துக்கும் இடையே தொடர்பு அறுந்தது. 43 செகண்டில் தொடர்பு திரும்பி விட்டது. ஆனால் தளம் முழுமையாகச் சீராவதற்கு 24 மணி 11 நிமிடம் ஆனது.

எப்படி? கிட்ஹப்பின் டேட்டாபேஸ்களில் ஒன்று தலைமை. எழுதுவது எல்லாம் அங்கேதான். மற்றவை அதைப் பார்த்துக் காப்பி எடுத்துக் கொள்ளும். தலைமை இறந்து விட்டால் புதிய தலைமையை நியமிக்க ஆர்க்கெஸ்ட்ரேட்டர் என்ற புரோகிராம் பல இடங்களில் ஓடுகிறது. இவை தங்களுக்குள் ஓட்டுப் போட்டுக் கொள்கின்றன. பாதிக்கு மேல் சேர்ந்தால்தான் முடிவு செல்லும். ஐந்தில் மூன்று ஒரு பக்கம் இருந்தால் மறுபக்கத்தில் மூன்று இருக்க முடியாது. எனவே ஒரே நேரத்தில் இரண்டு தலைமைகள் தேர்வாகாது. எளிமையான, அழகான யோசனை. இந்த வகை ஓட்டெடுப்பைக் கணக்காக எழுதிய லெஸ்லி லாம்போர்ட், ஒரு கற்பனைக் கிரேக்கத் தீவின் பாராளுமன்றக் கதையாக அதை எழுதி 1990-ல் ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினார். அது அச்சில் வந்தது 1998-ல். கதை சொன்னால் பேராசிரியர்களுக்குப் பிடிப்பதில்லை போலும்! ஆர்க்கெஸ்ட்ரேட்டர் பயன்படுத்துவது ராப்ட் என்ற அதே குடும்பத்து முறை. 2014-ல் ஸ்டான்போர்டில் இருந்து வந்தது.

அன்று ஓட்டெடுப்பு ஒழுங்காகவே நடந்தது. தொடர்பு அறுந்ததும் மேற்குக் கரையில் இருந்தவையும் கிழக்கே வாடகைக்கு எடுத்த சர்வர்களில் இருந்தவையும் சேர்ந்து பெரும்பான்மை ஆயின. தலைமையை மேற்குக் கரைக்கு மாற்றின. எல்லாம் விதிப்படி.

விதியில் இல்லாத ஒன்றுதான் இடித்தது. யார் தலைமை என்பதில் எல்லோரும் ஒத்துப் போனார்கள். தலைமையின் நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதில் ஒத்துப் போகவில்லை. கிழக்கே எழுதிய ஒவ்வொரு மாற்றமும் மேற்கே போய்ச் சேரும் வரை காத்திருந்தால் தளம் மெதுவாகி விடும் என்பதால், எழுதிய உடனே "சரி" என்று பயனாளருக்குச் சொல்லி விட்டு, காப்பியைப் பிறகு அனுப்பும் ஏற்பாடு இருந்தது. தொடர்பு அறுந்த வேளையில் அப்படி அனுப்பப்படாத சில செகண்ட் எழுத்துகள் கிழக்கில் மட்டும் தங்கி விட்டன. மேற்கோ புதிய தலைமையாகி எழுதத் தொடங்கி விட்டது. என்ஜினியர்கள் நிலைமையைப் புரிந்து கொண்டபோது மேற்கில் 40 நிமிடத்துக்கு நெருக்கமான புதிய எழுத்துகள் சேர்ந்திருந்தன. இரண்டு நோட்டுகள். இரண்டிலும் மற்றதில் இல்லாத பக்கங்கள்.

சும்மா கிழக்கைத் தலைமையாக்கி இருந்தால் சில மணி நேரத்தில் தளம் பளிச்சென்று ஓடியிருக்கும். 40 நிமிடம் உலகம் செய்த வேலை போயிருக்கும். யாருக்கும் உடனே தெரிந்தும் இருக்காது. அவர்கள் அதைச் செய்யவில்லை. தளம் தடுமாறினாலும் பரவாயில்லை, டேட்டா முக்கியம் என்று முடிவெடுத்தார்கள். சில வசதிகளை வேண்டுமென்றே நிறுத்தி வைத்தார்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை தனியாக எடுத்து வைத்திருந்த பேக்கப்பில் இருந்து கிழக்கு டேட்டாபேஸ்களை மீட்டு, அவற்றின் மேல் மேற்கின் எழுத்துகளை ஏற்றினார்கள். பல டெராபைட் அளவு என்பதால் மணிக்கணக்கில் ஆனது. புரோகிராம்கள் இருந்த பகுதிக்கு ஆபத்து இல்லை. அவற்றைச் சுற்றிய விவாதங்கள், குறைப் பட்டியல்கள் போன்றவைதான் மாட்டிக் கொண்டன.

கிழக்கில் மட்டும் தங்கிய எழுத்துகள்? அவற்றையும் தனியே எடுத்து வைத்தார்கள். மிக பிஸியான ஒரு டேட்டாபேஸ் தொகுதியில் அவை 954. எதைத் தானாகச் சேர்க்கலாம், எதற்குப் பயனாளரைத் தொடர்பு கொண்டு கேட்க வேண்டும் என்று பிரித்துப் பார்ப்பதாக அறிவித்தார்கள். பத்து நாளுக்குள் இந்தக் கதை முழுவதையும் எண்களோடு பொதுமக்களுக்கு எழுதியும் வெளியிட்டார்கள். கரை தாண்டித் தலைமையை மாற்றக் கூடாது என்று ஆர்க்கெஸ்ட்ரேட்டரின் அமைப்பையும் மாற்றினார்கள்.

கிட்ஹப்பின் ஏற்பாட்டில் ஓட்டை இருந்தது. அதில் சந்தேகமில்லை. ஆனால் 954 என்று ஓர் எண்ணை எண்ணிச் சொல்ல முடிந்ததே, அதற்காக அவர்களை மதிக்கிறேன். எண்ண வேண்டும் என்றால் முதலில் தூக்கிப் போடாமல் வைத்திருக்க வேண்டும்.

கேண்டி விளையாட்டும் அணுக் கடிகாரமும்

இப்போது வீட்டுக்கு வருவோம். என் சித்தி வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறார். ஆர்டர், அளவு, முன்பணம் எல்லாவற்றையும் ஒரு நோட்ஸ் சாப்ட்வேரில் எழுதி வைப்பார். பகலில் மெஷினுக்குப் பக்கத்தில் உள்ள டேப்லெட். இரவில் போன். இரண்டும் ஒரே அக்கவுண்ட். ஒரு வியாழக்கிழமை இரவு, கல்யாண வீட்டு ஆர்டர், நான்கு பேர் அளவைப் போனில் எழுதி விட்டுப் படுத்தார். காலையில் பார்த்தால் முந்தைய நாள் மத்தியானப் பட்டியல்தான் இருக்கிறது.

"ராத்திரி எழுதினது எதுவுமே இல்லடா. நான்தான் சேவ் பண்ணலையோ?" என்று எனக்குப் போன் செய்தார்.

சித்தி சேவ் செய்திருந்தார். நடந்தது வேறு. அவர் பையன் டேப்லெட்டில் மிட்டாய் நகர்த்தும் விளையாட்டு ஆடுவான். உயிர் தீர்ந்து விட்டால் அடுத்த உயிருக்குக் காத்திருக்க வேண்டும். காத்திருக்காமல் இருக்க, டேப்லெட்டின் தேதியை இரண்டு நாள் கூட்டி வைத்து விட்டான். வியாழன் மத்தியானம் சித்தி டேப்லெட்டில் எழுதியது சனிக்கிழமை எழுதியதாகப் பதிவானது. இரவு போனில் எழுதியது வியாழன் என்றே பதிவானது. இரண்டையும் பார்த்த அந்தச் சாப்ட்வேர், சனிக்கிழமைதான் புதியது என்று முடிவு செய்து, போனில் இருந்ததை அழித்து டேப்லெட்டில் இருந்ததை எழுதி விட்டது. ஒரு எச்சரிக்கை இல்லை. பழைய காப்பி என்று ஒரு போல்டர் இல்லை. சித்தி நான்கு வீட்டுக்கும் மறுபடி போன் செய்து, அளவு பிளவுஸ் கேட்டு வாங்க வேண்டியதாயிற்று. அதில் ஒருவர், "இவ்வளவு அஜாக்கிரதையா இருக்கீங்களே" என்று கேட்டிருக்கிறார். அந்த வார்த்தைதான் சித்திக்குத் தாங்கவில்லை.

கடைசியாக எழுதியவருக்கே வெற்றி என்பது இந்த முறையின் பெயர். எழுதுவதற்கு மிகச் சுலபம். நாலு வரி கோடு போதும். அதனால்தான் இது இத்தனை இடத்தில் இருக்கிறது. இதன் அடியில் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: எல்லா மெஷின்களின் கடிகாரமும் சரியாக இருக்கும் என்பது.

கூகுள் இந்த நம்பிக்கையை எப்படி நடத்தியது என்று பாருங்கள். உலகம் முழுவதும் பரவிய ஸ்பானர் என்ற டேட்டாபேஸைப் பற்றி 2012-ல் கட்டுரை வெளியிட்டார்கள். அதற்காக டேட்டா சென்டர்களில் ஜி.பி.எஸ். ரிசீவர்களையும் அணுக் கடிகாரங்களையும் வைத்தார்கள். அப்படி வைத்தும், "மணி இத்தனை" என்று அந்தக் கடிகார முறை ஒரே எண்ணைச் சொல்வதில்லை. "இதற்கும் இதற்கும் நடுவில்" என்று ஓர் இடைவெளியைச் சொல்கிறது. இடைவெளி பொதுவாக 10 மில்லி செகண்டுக்குள். அந்தச் சந்தேக நேரம் கழியும் வரை காத்திருந்து விட்டுத்தான் எழுதியதை உறுதி செய்கிறது.

அணுக் கடிகாரம் வைத்திருப்பவன் 10 மில்லி செகண்டுக்குச் சந்தேகப்படுகிறான். சித்தியின் நோட்ஸ் சாப்ட்வேரோ, ஒரு பத்து வயதுப் பையன் விளையாட்டுக்காகத் திருப்பி வைத்த கடிகாரத்தைக் கேள்வியே கேட்காமல் நம்பி அவர் உழைப்பை அழிக்கிறது.

சொன்னால் குழப்பமாமே?

இதை என் தொழில் நண்பர்களிடம் சொன்னால் ஒரே பதில்தான் வரும். "சாதாரண யூசருக்கு இதெல்லாம் காட்டினா குழம்பிடுவாங்க." எனக்கு இதில் உடன்பாடில்லை. சாட் சாப்ட்வேரில் ஒற்றை டிக் என்றால் அனுப்பப்பட்டது, இரட்டை டிக் என்றால் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது என்று நம் வீட்டுப் பாட்டிகளுக்கும் தெரியும். ஒரு காப்பி இன்னோர் இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்ற அதே தகவல்தான் அது. யாரும் குழம்பவில்லை. டிக் இல்லாவிட்டால்தான் குழம்புகிறார்கள்.

யோசனையும் புதிது அல்ல. அமெரிக்காவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தில் 1990-களில் பேயூ என்ற முறையைச் செய்தார்கள். நெட்வொர்க் இல்லாமலும் லேப்டாப்பில் மீட்டிங் ரூமை புக் செய்யலாம். ஆனால் அந்த புக்கிங் தற்காலிகமானது, மாறலாம், பின்னர்தான் உறுதியாகும். இரண்டில் எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சாப்ட்வேர் தெரிந்து கொண்டு பயனாளருக்குக் காட்ட முடியும். இரண்டு பேர் ஒரே அறையைக் கேட்டால் என்ன செய்வது என்பதையும் புக்கிங்கோடு சேர்த்தே எழுதி வைக்கலாம். 1994-ல் அதே குழுவினர் இன்னொன்றும் சொன்னார்கள்: காப்பிகள் எப்படிப் பிரிந்து கிடந்தாலும், ஒருவர் தான் எழுதியதைத் தானே திரும்பிப் பார்க்கும்போது அது அங்கே இருக்க வேண்டும். இவ்வளவுதான் சித்தியும் கேட்டார்.

அமேசானின் எஸ்3 சேமிப்பு 2006-ல் தொடங்கியது. பழைய பைல் மேல் புதியதை எழுதினால் சிறிது நேரம் பழையதே வரக் கூடும் என்று அதன் விளக்கக் குறிப்பிலேயே எழுதி வைத்திருந்தார்கள். 2020 டிசம்பரில் அந்தக் குறையை நீக்கி, எழுதிய உடனே புதியதே வரும்படி செய்தார்கள். அதற்குக் கூடுதல் கட்டணமும் கேட்கவில்லை. குறை இருந்த காலத்தில் அதைச் சொன்னார்கள். பிறகு சரி செய்தார்கள். இந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது.

டிராப்பாக்ஸ் பயன்படுத்துகிறவர்கள் சில நேரம் ஒரே பைல் இரண்டாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்றின் பெயரோடு முரண்பட்ட காப்பி என்று ஒட்டியிருக்கும். இரண்டு இடத்தில் ஒரே பைலை ஒரே சமயம் திருத்தியதால் வந்தது அது. அசிங்கமாக இருக்கிறது, போல்டர் குப்பையாகிறது என்று பலர் திட்டுகிறார்கள். நான் அந்தக் குப்பைக்கு வக்கீல். திறந்து பார்த்து, வேண்டியதை எடுத்துக் கொண்டு, மற்றதை நீங்களே டெலிட் செய்யலாம். டெலிட் செய்யும் உரிமை உங்கள் கையில் இருக்கிறது.

இன்னொரு விஷயமும் புதியவர்கள் தெரிந்து கொள்ள வேண்டும். காப்பிகள் ஒத்துப் போவதும் பேக்கப்பும் ஒன்றல்ல. காப்பிகள் மிகச் சரியாக ஒத்துப் போகிறது என்றால், நீங்கள் போனில் தவறுதலாக டெலிட் செய்த போட்டோ கம்ப்யூட்டரிலும் மிகச் சரியாக டெலிட் ஆகும். சில சேவைகளில் ரீசைக்கிள் பின் இருக்கும், சில நாள் கழித்து அதுவும் காலியாகும். இரண்டு கரையிலும் காப்பி வைத்திருந்த கிட்ஹப்புக்கே கடைசியில் கை கொடுத்தது தனியாக எடுத்து வைத்த பேக்கப்தான். உங்களுக்கு ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் போதும். மாதம் ஒரு முறை முக்கியமான போல்டர்களை அதில் காப்பி செய்து, கேபிளைக் கழற்றி பீரோவில் வைத்து விடுங்கள். கழற்றுவது முக்கியம்.

வாங்குவதற்கு முன் பத்து நிமிட டெஸ்ட்

எந்த நோட்ஸ், காலண்டர் அல்லது கணக்குச் சாப்ட்வேரையும் நம்புவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். சோதனை என்று ஒரு புது நோட் திறந்து ஒரு வரி எழுதுங்கள். கம்ப்யூட்டரிலும் போனிலும் அது வந்து விட்டதா என்று பாருங்கள். பின்னர் இரண்டிலும் இண்டர்நெட்டை நிறுத்தி விடுங்கள். போனில் ஏரோப்பிளேன் மோட், கம்ப்யூட்டரில் வை-பையை ஆப் செய்தால் போதும். கம்ப்யூட்டரில் அந்த வரியை "தக்காளி" என்று மாற்றுங்கள். ஒரு நிமிடம் கழித்துப் போனில் அதே வரியை "வெங்காயம்" என்று மாற்றுங்கள். இப்போது இரண்டிலும் இண்டர்நெட்டைத் திரும்பக் கொடுத்து விட்டு ஒரு டீ குடித்து விட்டு வாருங்கள்.

இரண்டு நோட்டாகப் பிரித்து வைத்திருந்தால் நல்லது. எது வேண்டும் என்று கேட்டால் இன்னும் நல்லது. ஒன்றைக் காட்டினாலும், பழைய பதிப்புகள் என்ற மெனுவில் மற்றது கிடைத்தால் ஏற்றுக் கொள்ளலாம். வெங்காயம் மட்டும் இருந்து தக்காளி எங்கே தேடியும் இல்லை என்றால், மளிகை லிஸ்ட்டுக்கு மட்டும் அதை வைத்துக் கொள்ளுங்கள்.

மனம் திருப்தி அடையாதவர்கள் இதையே இன்னொரு தடவை செய்யலாம். இம்முறை போனை அப்படியே விட்டு விட்டு, இண்டர்நெட்டை நிறுத்தியதும் கம்ப்யூட்டரின் தேதியை மட்டும் இரண்டு நாள் கூட்டி வையுங்கள். பையன் செய்த அதே வேலைதான். இந்த முறை தக்காளி ஜெயித்து வெங்காயம் சுவடில்லாமல் போனால், உள்ளே ஓடுவது எந்த முறை என்று உங்களுக்கே தெரிந்து விடும். முடிந்ததும் தேதியைத் தானாக அமையும்படி மாற்றி விடுங்கள். மாற்றாமல் விட்டால் சில வெப்சைட்கள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டித் திறக்க மறுக்கலாம்.